பள்ளத்துப் பக்கம்

மகன் மேல்படியில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். அம்மா மூன்று படி கீழே. அவன் பற்றியிருந்தது அவருடைய வலது கையை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஏழு வாரமாகத் தோளிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருக்கும் கையை. "வாம்மா, வந்துரு, இன்னும் ரெண்டே படி" என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, அவர் உடம்பு முன்னால் சரிந்ததே தவிர கால் வரவில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு மண்ணை வெட்டிக் கல் பதித்த படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லில் பாசி பளபளத்தது. நான் பையைப் போட்டுவிட்டு ஓடி, அம்மாவின் பின்னால் ஒரு படி கீழே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, கையை விடு. விட்டுட்டுக் கீழ இறங்கி வா."

"கீழ வந்து நான் என்னக்கா பண்றது? மேல இருந்து தூக்கினாத்தானே ஏறுவாங்க?"

நியாயமான கேள்விதான். அவன் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான். வீடு மேலே இருக்கிறது. நான் கேட்டேன்: "மேட்டுப்பாளையம் ரயிலைப் பாத்திருக்கியா?"

"தினம் பாக்குறேனே."

"ஏறும்போது இஞ்சின் எங்க இருக்கும்?"

"பின்னாடி."

"இறங்கும்போது?"

"முன்னாடி." கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு தடவையும் பள்ளத்துப் பக்கம்."

"அங்கதான் நீ நிக்கணும்."

1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்ட ரயில் அது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை தொடங்கும். இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது பெட்டிகளை அது இழுப்பதில்லை. கீழே இருந்து தள்ளுகிறது. இறங்கும்போதும் அதே கீழ்ப்பக்கம் இருந்து தாங்குகிறது. மேலே இருந்து இழுத்தால், ஒரு கொக்கி கழன்றால் போதும், பெட்டிகள் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். பிசியோதெரபி வகுப்பில் எங்களுக்கு ஒரு வரியில் சொல்லித் தந்த விதியும் இதுதான்: படியில் உதவுகிறவர் எப்போதும் நோயாளிக்குக் கீழே நிற்க வேண்டும், ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் பிடிபட மலைக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது.

*

பக்கவாதம் வந்த வீட்டுக்குள் நுழைந்தவுடன் காதில் விழுவது "கால் வரலை" என்பதுதான். கால் எங்கோ போயிருப்பதாகவும், கூப்பிட்டால் வரும் என்பதாகவும் ஒரு பேச்சு. பாதிக்கப்பட்டவரும் அப்படித்தான் நினைக்கிறார். நடை என்றால் காலைத் தூக்கி வைப்பது. தூக்க முடியவில்லை, அதனால் நடக்க முடியவில்லை. படுத்தபடியே காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் களைத்துப்போகிறார்.

நம் நடையைக் கவனித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஓர் அடிச்சுற்றில் ஒரு கால் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 40 சதவீதம்தான். மீதி 60 சதவீதம் தரையில் ஊன்றி உடம்பைச் சுமக்கிறது. இடது கால் முன்னே போக வேண்டுமென்றால் அந்த நொடியில் முழு உடம்பும் வலது காலின் மேல் நிற்க வேண்டும். வலது கால் செத்துக் கிடக்கிறது என்று நம்புகிறவர் அதன்மேல் எப்படி ஏறி நிற்பார்? நல்ல கால்தான் நகர மறுக்கிறது. பழி மட்டும் கெட்ட கால்மேல்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் என் பையில் எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு வைத்திருக்கிறேன், வீட்டுக் குளியலறையில் வைக்கும் சாதாரண இயந்திரங்கள்தான். ஆளுக்கு முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு நாற்காலி, காலுக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள். நிற்கச் சொல்வேன். "நேரா நிக்கிறேன்" என்பார்கள். கீழே பார்த்தால் ஒன்றில் 46 கிலோ, மற்றதில் 12. அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு அன்று இருந்த கணக்கு அதுதான். முப்பது வருடம் கூடையில் கொழுந்தை நிறுத்துப் போட்டவர். தராசு பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். "அப்ப இந்தக் காலு சும்மாதான் நிக்குதா, பாப்பா?" என்று கேட்டார். அன்று முதல் எங்கள் வேலை அந்த 12-ஐ 20 ஆக்குவது, 20-ஐ 29 ஆக்குவது. நடையைப் பற்றி இரண்டு வாரம் பேசவே இல்லை.

எழுந்து நிற்பதிலும் இதே ஏமாற்று நடக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது நல்ல காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பலவீனமான காலை முன்னால் நீட்டி வைத்துவிட்டு, முழு எடையையும் நல்ல கால்மேல் போட்டு எழுவார்கள். நான் பாதங்களை மாற்றி வைப்பேன்: பலவீனமான பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், நல்ல பாதம் அதைவிடக் கொஞ்சம் முன்னால். பிறகு, "மூக்கு கால்விரலைத் தாண்டட்டும், அப்புறம் எழுந்திரிங்க." தலையும் மார்பும் முன்னால் வந்தால்தான் இடுப்பு இலேசாகும். பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பவரை மூன்று பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. முதலில் உயரமான நாற்காலி, அதன்மேல் ஒரு தலையணை. வாரம் போகப் போகத் தலையணை போகும், நாற்காலி போய் ஸ்டூல் வரும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு ஐந்து வேளை. உலகத்திலேயே அலுப்பூட்டும் பயிற்சி இதுதான். இதற்கு ஈடாகக் காலுக்கு வலுக் கொடுக்கும் வேறொன்றை இந்த இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசி நடப்பதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கவாத்துக் கத்தியை வீசுவதுபோலக் கால் போய் வரும். பார்க்கிறவர்கள் "முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு" என்பார்கள். முட்டி தானாக மடங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய நொடியில் அந்தக் கால் உடம்புக்குப் பின்னால் ஊன்றி நின்று, கெண்டைக்கால் தரையைத் தள்ளியிருக்க வேண்டும். ஊன்றாத கால் மடங்காது. மடங்காத காலைச் சுற்றித்தான் கொண்டுவர முடியும்.

*

இனி என் தவறு ஒன்று.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். தேயிலை பறிக்கும் ஒரு பெண்மணி இடப்பக்கம் விழுந்து வந்தார். நான்கு வாரம் கூடவே இருந்தேன். நீளமான தாழ்வாரம், வழவழப்பான தரை, இருபுறமும் கைப்பிடிக் கம்பி. தடியோடு ஆரம்பித்து, கடைசி வாரத்தில் தடியில்லாமலே அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தார். பத்து மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று அளந்து குறித்தேன். எங்கள் துறையில் அதற்கொரு கணக்கு உண்டு. விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைந்தால் வீட்டுக்குள் மட்டும் நடமாடுவார், 0.8-ஐத் தாண்டினால் ஊருக்குள் தாராளமாக நடமாடுவார். பத்து மீட்டரில் சொன்னால் முன்னது 25 விநாடி, பின்னது பன்னிரண்டரை. அவர் பன்னிரண்டில் வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழாத குறை.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தத் தோட்டத்துப் பக்கம் போனேன். அவர் வீட்டுக்கும் ஏறினேன். ரோட்டிலிருந்து 63 படிகள். கைப்பிடி இல்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மகன்கள் இருவர் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்த நாளுக்குப் பிறகு ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லை, ரேஷன் கடைக்குப் போகவில்லை, எதிர் லைனில் இருக்கும் மகளின் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் நான்கு படி கீழே. அதற்கு மட்டும் மருமகளைப் பிடித்துக்கொண்டு போவார். கால் மறுபடி இறுகியிருந்தது. என்னைக் குறை சொல்லவில்லை. டீ போடச் சொன்னார். "நல்லா நடக்க வெச்சே பாப்பா, எங்க நடக்கறதுன்னுதான் தெரியல" என்றார்.

நான்கு வாரத்தில் நான் அவரிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, "வீட்டுக்கு எத்தனை படி?"

இப்போது பெயர், வயது கேட்ட கையோடு அதைத்தான் கேட்கிறேன். எத்தனை படி, கல்லா மண்ணா, கைப்பிடி இருக்கிறதா, இருந்தால் ஏறும்போது எந்தக் கைக்கு, கழிப்பறை மேலேயா கீழேயா. சமதளத்தில் நடக்கத் தெரிந்தவர் நடக்கக் கற்றுவிட்டார் என்ற எண்ணம் சமவெளியில் எழுதிய புத்தகங்களிலிருந்து வந்தது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது கட்டட விதி. நம் மலை ரயிலுக்குப் பல்வரிசை தேவைப்படும் இடத்தில் உச்ச ஏற்றம் ஏறத்தாழ 12.5-க்கு 1. சக்கர நாற்காலிக்கு அனுமதித்த கடைசிச் சரிவில் ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது! எங்கள் ஊர்ப் பாதைகள் பலவற்றில் அந்த அளவு சரிவைச் சரிவு என்றே யாரும் சொல்வதில்லை.

*

மலையில் நடை கற்பிப்பதில் சில நுணுக்கங்களைப் பாதைகளே எனக்குச் சொல்லித் தந்தன.

ஏற்றத்தில் கணுக்கால் மேல்நோக்கி மடங்க வேண்டும். கெண்டைக்கால் இறுகியவருக்கு அது மடங்காது. குதிகால் தரையைத் தொடாது, முட்டி பின்பக்கமாக வளையும். அப்படி நாள்தோறும் வளைந்தால் முட்டி கெடும். ஏற்றத்துக்குப் போகுமுன் ஒரு சரிந்த பலகையில் பாதம் முழுதும் பதிய நின்று கெண்டைக்காலை நீட்டிக்கொள்ள வேண்டும். பலகை இல்லாத வீட்டில் வாசல் சரிவே பலகை.

இறக்கம்தான் ஆபத்து. ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்குக் கட்டுப்பாடு வேண்டும். தொடையின் முன்தசை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து உடம்பைக் கீழே இறக்க வேண்டும். அது தெரியாத தொடை சட்டென்று கைவிடும், முட்டி மடிந்துபோகும். ஏறக் கற்றுக்கொண்டு இறங்கத் தெரியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் இந்த மலையில் நிறையப் பேர்.

படிக்கு ஒரு விதி, குழந்தைகள்கூட மறக்காத விதி: ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பலவீனமான கால் முதலில். தடி எப்போதும் நல்ல கையில். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அடுத்தது பலருக்கும் தோன்றுவதில்லை. ஏறும்போது வலக்கைக்கு இருக்கும் கைப்பிடி, இறங்கும்போது இடக்கைக்கு வந்துவிடும். இடது கை செயலிழந்தவர் ஏறிவிடுவார். இறங்கப் பிடிக்க எதுவும் இருக்காது. வெல்டரைக் கூப்பிட்டு மறுபக்கமும் ஒரு ஜி.ஐ. பைப் போட்டால் தீர்ந்தது. அதற்கு வழியில்லாதவர்களுக்குப் பின்பக்கமாக இறங்கக் கற்றுத் தருகிறேன். முகம் வீட்டைப் பார்த்தபடி, அதே கைப்பிடியை அதே நல்ல கையால் பிடித்துக்கொண்டு, பலவீனமான காலை முதலில் பின்னால் இறக்கி, பிறகு நல்ல காலை. ஏணியில் இறங்குகிற மாதிரி. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு தாத்தா இப்படி இறங்கும்போது தெருவே நின்று பார்த்தது. அவர் ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தேயிலைக்கு நடுவே குறுக்காகப் போகும் ஒற்றையடிப் பாதைகள் இன்னொரு கணக்கு. சரிவுக்குக் குறுக்கே நடக்கும்போது மேட்டுப்பக்கக் காலுக்குத் தரை உயரம், பள்ளத்துப்பக்கக் காலுக்குத் தாழ்வு. தொங்கும் பாதம் மேட்டுப் பக்கம் இருந்தால் விரல் கல்லில் இடறும். பள்ளத்துப் பக்கம் இருந்தால் இடறாது, ஆனால் உடம்பின் எடை அந்தப் பலவீனமான கால்மேலேயே சரியும். போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

மூளையின் வலப்பாதியில் அடி வாங்கிய சிலருக்கு இன்னொரு சிக்கல் வரும். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மனத்தில் பதியாது. தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். சமவெளியில் அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். இங்கே இடப்பக்கம் இருநூறு அடிப் பள்ளம் இருந்தால், அவருக்கு அந்தப் பள்ளமே இல்லை. அப்படிப்பட்டவரோடு நடக்கும்போது நான் இடப்பக்கம், பள்ளத்துக்கும் அவருக்கும் நடுவில் நடந்து, அந்தப் பக்கமிருந்தே பேச்சுக் கொடுப்பேன். பேச்சுக்குத் திரும்பித் திரும்பியே சிலர் அந்தத் திசையை மீட்டுக்கொள்கிறார்கள்.

*

"எத்தனை நாள்ல சரியாகும்?" என்று கேட்காத வீடில்லை. "ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான், அப்புறம் வராதாமே" என்பதும் கூடவே வரும். முதல் மூன்று மாதம் மூளை வேகமாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. ஆறாம் மாதம் கதவு மூடிவிடும் என்பது உண்மையில்லை. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியானது. சிலரை வாரில் கட்டி எடையைத் தாங்கியபடி டிரெட்மில்லில் நடத்தினார்கள், சிலருக்கு இரண்டாம் மாதத்தில், சிலருக்கு ஆறாம் மாதத்தில் தொடங்கி. மூன்றாவது அணிக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போய் வலுவும் சமநிலையும் கூட்டும் பயிற்சி மட்டும் கொடுத்தார். ஓராண்டு முடிவில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு தரம் உயர்ந்திருந்தது. மூன்று அணிக்கும் வித்தியாசமில்லை. விலை உயர்ந்த இயந்திரம் நம் ஊரில் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வேன். ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று அழுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அவசரமும் உதவாது. முதல் நாளே எழுப்பு, நிறுத்து, நடத்து என்று துரத்திய காலம் எனக்கும் உண்டு. 2,104 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015-இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்று மாத முடிவில் பின்தங்கியிருந்தார்கள். அதே ஆய்வில் சிறிது சிறிதாக, அடிக்கடி எழுப்பியது நல்லதாகவே தெரிந்தது. கொஞ்சமாக, பல முறை என்பதை அன்று முதல் கைக்கொண்டேன்.

எத்தனை முறை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் ஒரு வேளைப் பயிற்சியில் நோயாளி எடுத்துவைக்கும் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள், சராசரி 357. கொழுந்து பறிக்கிறவர் ஓரிரண்டு நிரை முடிப்பதற்குள் அவ்வளவு அடி வைத்துவிடுவார். வாரத்துக்கு மூன்று நாள் நான் வந்து நடத்தினால் போதும் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்கிறேன். என் ஒரு மணி நேரம் விதை. வளர்வது மீதி இருபத்து மூன்று மணி நேரத்தில்.

அந்த மீதி நேரம் குடும்பத்தின் கையில். இதிலும் ஓர் அடி வாங்கியிருக்கிறேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 பேர்; குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லித் தந்து வீட்டுக்கு அனுப்பினால் பலன் கூடுமா என்று பார்த்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையில் வாழ்பவர்களும் சேர்ந்து, சொல்லித் தந்த அணியிலும் 47 சதவீதம், சொல்லித் தராத அணியிலும் 47 சதவீதம். படித்த அன்றிரவு தூங்கவில்லை. குடும்பத்தை நம்பித்தானே என் தொழிலே நடக்கிறது? பல நாள் யோசித்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். மகன் மறுபடி மேல்படிக்கு ஏறிவிட்டிருப்பான். யாருடைய குற்றமும் இல்லை; அன்பு என்றால் கை நீட்டி இழுக்கத்தான் தோன்றும்.

அந்த இழுப்பில் தோள் போகிறது. தோளின் குழி ஆழமில்லாதது; சுற்றியிருக்கும் தசைதான் எலும்பை அதில் பிடித்துவைக்கிறது. தசை செத்திருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு குழியை விட்டு இறங்கும். பிறகு மாதக் கணக்கில் இரவெல்லாம் வலி. கால் பெரும்பாலும் கைக்கு முன்னால் திரும்பிவிடும். வலிக்கிற தோள் அந்தக் காலையும் படுக்கையில் போட்டுவிடும். அதனால் எல்லா வீட்டிலும் ஒரு பருத்தித் துண்டு கேட்பேன். அதை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பின்முடிச்சைப் பிடித்துக்கொள்ளப் பழக்குவேன். பிடி இடுப்பில், கண் முட்டியில், வாய் மூடியிருக்கட்டும். கடைசி விதிதான் யாருக்கும் வருவதில்லை. "காலைத் தூக்கு, பாத்து, கல்லு, கல்லு" என்று நான்கு பேர் கத்தினால் நோயாளி எதைக் கேட்பார்?

*

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பெரியவர். வலப்பக்கம் பலவீனம், பேச்சும் குழறல். எடை மாற்றும் பயிற்சி அவருக்கு அவமானமாக இருந்தது. இப்படி ஆடு, அப்படி ஆடு என்று மகள் வயதுக்காரி சொல்வதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் பேத்தி போனில் படுகர் பாட்டுப் போட்டிருந்தாள். அவர் தோள் அசைவதைப் பார்த்தேன். படுகர் ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: வட்டமாக நின்று, நிதானமாக அடி முன்வைத்து, பின்வாங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நான் மூன்று வாரமாகக் கெஞ்சியது முழுக்க அந்த ஆட்டத்தில் இருந்தது.

மறுநாள் முதல் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆடினார். பேத்தி முன்னால் ஆடிக் காட்டுவாள், நான் பின்னால் துண்டு முடிச்சோடு. பேச்சு குழறியவர் பாட்டின் சொல்லைத் தெளிவாகச் சொன்னார். அது அப்படித்தான், பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே வழியில் வருவதில்லை. அந்த மார்கழியில் பேரகணி ஹெத்தையம்மன் விழாவுக்கு வெள்ளை உடுத்துப் போனார். ஜீப்பில்தான் போனார். கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தார்.

மார்கழி, தை பனி எங்களுக்கு ஓர் எதிரி. குளிரில் தசை இறுகும், விரல்கள் மடங்கிக்கொள்ளும், முந்தின நாள் நீண்ட கால் மறுநாள் கட்டையாக இருக்கும். நோயாளி பயந்துபோகிறார். வெயில் ஏறிய பிறகு பயிற்சி வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். குளிருக்காகக் குமுட்டி அடுப்புப் பக்கம் உட்கார வைக்கும் வீடுகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: உணர்வில்லாத கால் சூட்டைச் சொல்லாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகு பார்த்தவர்கள் உண்டு. வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. நல்ல கையால் சூடு பார்த்த பிறகே. எண்ணெய் தேய்ப்பதைத் தடுப்பதில்லை, இதமாகத் தேய்த்தால் நல்லதுதான். பக்கவாதத்துக்கு மருந்தென்று புறா ரத்தம் வாங்க அலைகிறவர்களிடம் மட்டும், "அந்த நேரத்துக்கு அவரைப் பத்துத் தடவை எழுந்து உக்கார வைங்க" என்பேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதுதான் பெரிய செய்தியானது. வீட்டுக்கே இயன்முறை மருத்துவமும் வரும் என்ற வரி என் கண்ணில் பட்டது. மலைக்கு அந்த வரி எவ்வளவு முக்கியம் என்று 63 படி ஏறியவர்களுக்குத் தெரியும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்பெல்லாம் எதற்கும் கோயம்புத்தூருக்கு மலையிறங்க வேண்டியிருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு என்பதால் அந்த மாற்றம் உயிர்களைக் காக்கும். உயிர் பிழைத்தவர் அதற்குப் பிறகு வீட்டுப் படியை ஏறி இறங்க வேண்டும். அதற்கு யாராவது படியேறி அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

*

அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு 12 கிலோ 25 ஆக நான்கு மாதம் பிடித்தது. 29-ஐத் தொடவில்லை. பாதம் இன்னும் தொங்கத்தான் செய்கிறது. முட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாங்கி, அதற்கு மேலே ஓர் அளவு பெரிய கேன்வாஸ் ஷூ. கை வரவில்லை. கொழுந்து பறிக்க இனிப் போக முடியாது என்பதை அவரே ஒரு நாள் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்கு மாறினார். நானும் மாறிக்கொண்டேன்.

மகன் நன்றாகக் கற்றுக்கொண்டான். துண்டு முடிச்சு, ஒரு படி கீழே, வாய் மூடி. ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். தோட்டத்துப் பையன்கள் அவனை ‘இஞ்சின்’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசியாக நான் போனபோது மாலை நான்கு மணி இருக்கும். அம்மா கீழே ரோட்டுக் கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். இப்போது இருபுறமும் கைப்பிடி உண்டு. இடக்கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் இறக்கி, நிதானித்து, நல்ல காலை இறக்கி. அவருக்கு முன்னால் ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மகன் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். ஏழாவது படியில் அவர் நின்றார்.

"டேய், தள்ளி நில்லுடா. படியே தெரிய மாட்டேங்குது."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மூன்று படி கீழே இறங்கி, அங்கே நின்றுகொண்டான்.